ஒரு நடிகையின் கடிதங்களும் நான் கழற்றிய குண்டூசிகளும்

மொன்றியல் நகரத்து ஆவணக் காப்பகங்களில் இப்போது நம்மவர் ஆறேழு பேர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்களாம். நான் சேர்ந்தபோது நான் ஒருவன்தான். உங்களில் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "உங்கட அனுபவத்தைக் கொஞ்சம் எழுதித் தாங்கோவன், புது ஆக்களுக்கு உதவும்" என்றார். உதவும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிறர் செய்த பிழையைப் படித்துத் திருந்திய ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். வெளியே பனி கொட்டுகிறது, எனக்கு வேறு வேலையும் இல்லை.

நடைமுறைகளைப் பற்றி எழுத மாட்டேன். வெப்பநிலை, ஈரப்பதம், அமிலமில்லாத கோப்புறை, மைக்குப் பதில் பென்சில், இவையெல்லாம் கையேட்டில் இருக்கின்றன. அந்தக் கையேட்டின் பாதிப் பக்கங்களை எழுதியவன் நான். அது புரியாதவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது. வந்திருக்கிறார்கள், சிலர் மேலாளர்களாகவும் ஆகியிருக்கிறார்கள். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் பனிக்காலம் போதாது.

ஒரே ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

மொன்றியலின் மேற்குப் புறநகரான புவாண்ட்-கிளேரில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்த பெட்டி அது. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பல் வைத்தியர். அவருடைய பாட்டனின் பாட்டி ஒரு நடிகை. விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு நாடகக் குழுவோடு மொன்றியலில் இறங்கி, இங்கே ஒரு வியாபாரியை மணந்து, மேடையை விட்டவர். அதற்கு முன்பு பல ஆண்டுகள் லண்டனில் ஒரு நாடகாசிரியரோடு அவருக்குக் கடிதப் போக்குவரத்து இருந்தது. அந்த மனிதர் இவருக்கென்றே பாத்திரங்கள் எழுதியவர். பெட்டியில் மூன்று வகைத் தாள்கள் இருந்தன. நாடகாசிரியரின் கடிதங்கள் ஒன்று. நடிகை தன் பதில்களுக்கு எடுத்து வைத்த நகல்கள் இன்னொன்று. மூன்றாவது, நாடகாசிரியரின் கையெழுத்தில், பெயரோ தேதியோ கையொப்பமோ இல்லாத தனித்தாள்கள். அந்தத் தாள்களில் காதல் கொட்டிக் கிடந்தது. "உன்னைப் பிரிந்த பிறகு இந்த அறையில் காற்று இருக்கிறது, மூச்சு இல்லை" என்ற தரத்தில்.

அந்தக் காலத்து நடிகர்களுக்கு முழு நாடகத்தையும் கையில் கொடுக்க மாட்டார்கள். தன் வசனமும், அதற்கு முன் மற்றவர் சொல்லும் கடைசி இரண்டு மூன்று சொற்களும் மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். இந்த நடிகை ஒரு பதிலில் கேட்கிறார்: "நான்காம் அங்கத்தில் நான் இறக்கிறேன் என்று தெரிகிறது. கொல்வது யார் என்றாவது சொன்னால் எந்தப் பக்கம் விழுவது என்று முடிவு செய்வேன்." இப்படிப்பட்ட பெண். இவருடைய கடிதங்களை முதல் நாளே முழுதும் படித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திராது. படிக்க எனக்கு ஒரு மணி நேரம் இருக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் படப்பிடிப்பாளர் வரவிருந்தார்.

எங்கள் இயக்குநர் ஒரு அம்மையார். அதற்கு முன்பு ஒரு வாசனைத் திரவிய நிறுவனத்தில் விளம்பரப் பிரிவில் இருந்தவர். காப்பகம் என்பது "கதை சொல்லும் இடம்" என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்வார். அன்று பெட்டியோடு படமெடுக்கப் பல் வைத்தியரின் பிள்ளைகளை அழைத்திருந்தார்; வைத்தியர் வரவில்லை. "அழகாக விரித்து வையுங்கள்" என்று எனக்குக் கட்டளை.

விரிப்பதற்குத் தடையாக இருந்தவை குண்டூசிகள். நாடகாசிரியரின் ஒரு கடிதம், ஒரு தனித்தாள், நடிகையின் ஒரு பதில் நகல் என்று மும்மூன்றாகச் சேர்த்து அந்தப் பெண் குண்டூசி குத்தி வைத்திருந்தார். இருபத்து மூன்று கட்டுகள். ஊசிகள் எல்லாம் துருப்பிடித்திருந்தன. துருப்பிடித்த ஊசியைக் கழற்ற வேண்டும் என்பது நடைமுறை. கழற்றியவுடன் எது எதனோடு இருந்தது என்று பென்சிலால் குறிக்க வேண்டும் என்பதும் அதே பத்தியில் அடுத்த வரி. முதல் வரியைச் செய்தேன். நன்றாகவே செய்தேன். ஊசியின் இரு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு செருகி, துருவைத் தளர்த்தி, ஒரு நார் கூடக் கிழியாமல் எடுத்தேன். இரண்டாவது வரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கடிதங்களை ஒரு கோப்புறையிலும் தனித்தாள்களை இன்னொன்றிலும் வைத்தேன். மிக ஒழுங்காக இருந்தது.

படப்பிடிப்பாளர் வெள்ளைக் கையுறை கேட்டார். பழைய கடதாசியைக் கையுறையோடு தொட்டால் விரல் உணர்விழந்து தாளைக் கிழிக்கும், கழுவிய வெறுங்கைதான் சரி என்று விளக்கினேன். இயக்குநர் கைப்பையிலிருந்து ஒரு சோடி கையுறையை எடுத்து நீட்டினார். படம் நன்றாக வந்தது என்று சொன்னார்கள்.

மறுநாள் எனக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. ஆறு வாரம் விடுப்பு. திரும்பி வந்தபோது மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. தள்ளிப் போட்டேன்.

அதற்குள் பெட்டி வதனியிடம் போயிருந்தது. லவாலிலிருந்து மெற்றோவில் வரும் பெண், யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே படித்தவர். மூன்று ஆண்டுகளாக ஒப்பந்தத்தில் இருந்தார். மார்ச் முடிவில் அது நிரந்தரமாகும் அல்லது முடியும். பெட்டியின் வேலைப் படிவத்தில் அவருடைய பெயர் எழுதப்பட்டிருந்தது. என் பெயர் எங்குமே இல்லை.

வதனி தனித்தாள்களைப் பற்றி விவரப் பட்டியலில் இப்படி எழுதினார்: "நாடக வசனத்தின் வரைவுகளாக இருக்கலாம். காதல் கடிதங்கள் என்று கூற ஆதாரம் இல்லை." இதில் ஒரு எழுத்தைக் கூட நான் மாற்றியிருக்க மாட்டேன். இயக்குநரோ பெப்ரவரியில் வரும் காதலர் தினத்துக்கு ஒரு கண்காட்சியை அறிவித்துவிட்டார். நாடகாசிரியரும் நடிகையும் ஒளித்து வைத்த காதல் என்பது அதன் பொருள். அதற்குத் துணையாக ஆங்கில இலக்கியப் பேராசிரியர் ஒருவரைப் பிடித்தார். சென்னைக்காரர், இங்கே முப்பது ஆண்டுகளாக இருப்பவர், விக்டோரியா காலத்து நாடகம் அவருடைய துறை. ஜனவரியில் ஒருநாள், நானும் இருக்கும்போது, வாசிப்பறைக்கு வந்தார். சொந்தமாகக் கையுறை கொண்டுவந்திருந்தார்.

"என்னம்மா இது, ஆதாரம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க? படிச்சாலே தெரியுதே!" என்றார் வதனியிடம்.

"என்ன தெரியுது சேர்?"

"மனுஷன் உருகியிருக்கான்!"

"உருகேக்கை 'கடவுள் சாட்சி' எண்டதில கடவுளை வெட்டிப்போட்டு 'வானம் சாட்சி' எண்டு ஏன் எழுதினவன்? அஞ்சு தாளில வெட்டியிருக்கிறான்."

வதனி எங்கே போகிறார் என்று எனக்குப் புரிந்தது. அந்நாளில் இங்கிலாந்தில் எந்த நாடகத்தையும் மேடையேற்றுமுன் அரசின் தணிக்கை அலுவலரிடம் காட்ட வேண்டும். மேடையில் கடவுளின் பெயர் சொல்ல அவர் விடமாட்டார். வானம் என்றால் பரவாயில்லை. பேராசிரியருக்கும் இது தெரியும். அவர் இதைப் பாடமாக நடத்துபவர்.

"பக்தியா இருக்கலாமே," என்றார்.

"காதலியிட்டைக் கடவுள் பேர் சொல்லப் பயந்த பக்தன், மிச்ச வரியள் எழுதப் பயப்பிடேல்லையோ சேர்? ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ, எனக்கே கூச்சமாக் கிடக்கு."

நான் சிரித்துவிட்டேன். பேராசிரியர் சிரிக்கவில்லை. இங்கிலாந்தில் ஒரு மாநாட்டுக்கு "மறைந்த காதல்" என்று கட்டுரைச் சுருக்கம் அனுப்பிவிட்டு வந்திருந்தார். கட்டுரைச் சுருக்கம் அனுப்பிய பிறகு ஒரு பேராசிரியரின் கண்ணுக்கு எதுவும் புதிதாகப் படாது. இதை நீங்கள் ஆண்டுக்கு இருமுறை பார்ப்பீர்கள்.

அவர் போகிற போக்கில் ஒரு காரியம் செய்தார். குடும்பத்தில் காதல் பற்றிக் கதை ஏதும் உண்டா என்று பல் வைத்தியருக்கு எழுதிக் கேட்டார். காதல் பற்றி அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால், "என் தாயார் அந்தச் சிறு கட்டுகளின் ஊசியைக் கூட எடுக்க விடமாட்டார். கண்காட்சியிலும் அப்படியே கட்டுகளாக வைப்பீர்கள்தானே?" என்று பதில் எழுதினார்.

கட்டுகள் எங்கே? இயக்குநர் கூட்டம் கூட்டினார்.

"நான் பெட்டியைத் திறந்தபோது ஒரு ஊசியும் இருக்கவில்லை. இரண்டு கோப்புறைகள்தான் இருந்தன," என்றார் வதனி, பிரெஞ்சில், தெளிவாக.

படிவத்தில் உங்கள் பெயர்தானே இருக்கிறது என்றார் இயக்குநர். விரித்து வைக்கச் சொன்னது என்னிடம்தான் என்பது அவர் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. குரலில் கோபம் இல்லை. நிம்மதிதான் இருந்தது. கட்டுகளைக் கலைத்த ஒருவரால், தாள்கள் என்னவென்று தீர்ப்புச் சொல்ல முடியாதல்லவா? பட்டியலில் அந்த வரியை நீக்கிவிடலாம். மார்ச் மாதத்து நிரந்தர நியமனக் கையெழுத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும் என்று முடித்து, என் பக்கம் திரும்பினார். உங்கள் கருத்து?

முப்பத்தொரு வருட அனுபவத்தைத் திரட்டி நான் சொன்ன கருத்து: "பழைய பெட்டிகளில் இப்படியெல்லாம் நடக்கும்."

இந்த வாக்கியத்தில் பொய் இல்லை. இதைவிட யோக்கியமான வாக்கியங்களை எழுதியவர்களின் அறிக்கைகளை நான் முகத்தில் அடித்தாற்போலத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

வெளியே நடைவழியில் வதனி என்னோடு நடந்தார். "நிரந்தரமாக்கினால் என்ர வீட்டுக்காரர் படிக்கப் போகலாம் எண்டு இருந்தனாங்கள் அண்ணை. இனி இன்னொரு காப்பகத்துக்கு எழுதினாலும், ஏன் அவளை நிப்பாட்டினனீங்கள் எண்டு இஞ்சதான் கேப்பினம். கட்டைக் கலைச்சவள் எண்டு சொல்லுவினம். பேந்து ஆர் எடுப்பினம் என்னை?"

"பாப்பம்," என்றேன்.

மூன்று நாள் பார்த்தேன். சனிக்கிழமை ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் தெரிவுசெய்துகொண்டு நின்றபோது எனக்கு நானே ஒரு நியாயம் கட்டினேன். என்னைப் போல ஒருவன் ஒப்புக்கொண்டால் நான் சரிபார்த்த எல்லாப் பெட்டிகள் மீதும் சந்தேகம் வரும், காப்பகத்துக்கே கெட்ட பெயர், ஆகவே பேசாமல் இருப்பது நிறுவனத்துக்கு நல்லது. கோழைத்தனத்துக்கு நிறுவனத்தின் பெயரை வைப்பது எளிது. இயக்குநர்கள் அதைத் தினமும் செய்கிறார்கள், நான் ஏன் செய்யக் கூடாது?

செவ்வாய்க்கிழமை காலை வதனி என்னை வாசிப்பறையின் ஜன்னலுக்கு அழைத்தார். மூன்று தாள்களைத் தனித்தனியே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, ஒன்றன் மேல் ஒன்றாக வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"இஞ்ச பாருங்கோ அண்ணை. கடிதத்தில ரெண்டு ஓட்டை, தனித்தாளில ரெண்டு ஓட்டை, பதிலில ரெண்டு ஓட்டை. மூண்டையும் சேத்துப் பிடிச்சால் கறள் ஒரே கோட்டில வருது."

ஊசி போயிருந்தாலும் அதன் துளையும் துருக்கறையும் தாளில் இருந்தன. ஒவ்வொரு கட்டிலும் ஊசி வேறு இடத்தில், வேறு சாய்வில் குத்தப்பட்டிருந்தது. பதினாறு கட்டுகளை அவர் ஏற்கனவே பொருத்திவிட்டார். மீதி ஏழை அன்று காலை நாங்கள் இருவரும் பொருத்தினோம்.

பதில்களைத் தனியே படித்தால் அவை எந்தத் தாளைப் பற்றியவை என்று தெரியாது; பொருத்திய பிறகு படித்தால் எல்லாம் வெட்டவெளிச்சம். நாடகாசிரியரின் கடிதம்: "நீங்கள் கேட்டபடி குறைத்திருக்கிறேன். இனி ஒரு சொல் எடுத்தாலும் என் உடம்பில் ரத்தம் வரும்." அதனோடு இருந்த தனித்தாள்: காற்று, மூச்சு, இரண்டு "என்றென்றைக்கும்". அதனோடு இருந்த நடிகையின் பதில்: "இன்னும் நீளம். இரண்டாவது என்றென்றைக்கும் வரும்போது என் மூச்சு முடிந்துவிடுகிறது, பார்வையாளர்கள் தொப்பியைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்." அடுத்த கட்டிலிருந்த தாளில் ஒரே ஒரு "என்றென்றைக்கும்". அந்தக் காதல் அவருக்கு எழுதப்பட்டதல்ல. அவர் மேடையில் பேச வேண்டிய வசனம். இருபத்து மூன்று முறை அதைத் திருத்தியிருக்கிறார்.

"இவளைப் போய்க் காதலியெண்டு போஸ்டர் அடிக்கப் போறாங்கள்," என்றார் வதனி. "இவள் செய்தது வேலை அண்ணை. அந்த மனுசனுக்கு எழுதப் பழக்கியிருக்கிறாள்."

பிறகு தாள்களை அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "ஊசியைக் கழட்டினது ஆர் எண்டும் ஓட்டையைப் பாத்தால் விளங்குது," என்றார்.

"எப்பிடி?"

"ஒரு ஓட்டையும் கிழியேல்லை. நான் கழட்டியிருந்தால் நாலைஞ்சு கிழிஞ்சிருக்கும். டிரெக்டர் கழட்டியிருந்தால் கடிதமே மிஞ்சியிராது. வேலை தெரிஞ்ச கை."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நான்தான்," என்றேன்.

"ஓம்."

"முதலே தெரியுமோ உமக்கு?"

"கூட்டத்தில நீங்கள் 'நடக்கும்' எண்டேக்கை தெரியும். ஒரு கோப்புறை தலைகீழா இருந்தாலே அரை மணித்தியாலம் பேசுற மனுசன், நடக்கும் எண்டு விடுவாரோ?"

"இப்பவே போய் டிரெக்டரிட்டைச் சொல்லுறன்," என்றேன்.

"சொல்லுறது காணாது. எழுதுங்கோ."

"கடிதம் ஒண்டு குடுக்கிறன்."

"கடிதத்தை அவ லாச்சிக்குள்ள வைச்சுப் பூட்டுவா. விவரப் பட்டியலில எழுதுங்கோ. பெட்டியின்ர வரலாறு எண்ட இடத்தில. பேரோட."

புதியவர்களுக்கு அந்த இடம் தெரியும். ஒரு பெட்டி யாரிடம் இருந்தது, யார் அதில் என்ன செய்தார் என்று பட்டியலில் ஒரு பகுதி. பெட்டி இருக்கும் வரை அது இருக்கும். உலகத்தில் எங்கிருந்தும் எவரும் படிக்கலாம். செத்துப்போன உரிமையாளர்கள் தங்கள் கடிதங்களை எலிக்கும் ஈரத்துக்கும் கொடுத்ததைப் பற்றி அந்த இடத்தில் நான் எழுதிய வாக்கியங்களை நானே ரசித்துப் படித்ததுண்டு.

"எங்கட அலுவலர் ஒருத்தர் எண்டு போட்டால் காணாதோ?" என்று கேட்டேன். ஆம், கேட்டேன். மறைக்க மாட்டேன்.

"படிவத்தில என்ர பேர் கிடக்கு அண்ணை. ஒருத்தர் எண்டு போட்டால் அது நான்தான்."

அன்று பிற்பகல் எழுதினேன். மூன்று வாக்கியம். கட்டுகள் இருபத்து மூன்று குண்டூசிகளோடு வந்தன. அவற்றை நான், பெயரும் பதவியும் இது, எது எதனோடு இருந்தது என்று குறிக்காமல் கழற்றினேன். கட்டுகளைத் துளைகளைக் கொண்டு மீட்டமைத்தவர் வதனி, அவருடைய முழுப் பெயர் இது.

இயக்குநர் அதை இரண்டு முறை படித்தார். பெயர் எல்லாம் எதற்கு, "ஊசிகள் முன்பு இருந்தன" என்று சுருக்கமாக விடலாமே என்றார். செய்தவரின் பெயரில்லாமல் பெட்டியின் வரலாற்றில் எதையும் எழுதக் கூடாது என்ற கையேட்டுப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். என் அகங்காரத்தில் நான் எழுதிய பக்கம் அது. அவர் அதை அன்றுதான் முதன்முறை பார்த்தார் என்று முகம் சொன்னது.

கண்காட்சி நடந்தது. தலைப்பு "காதல் கடிதங்கள்" என்பதிலிருந்து "காதல் கடிதங்களா?" என்று மாறியது. கேள்விக்குறி ஒன்றைச் சேர்த்தால் நேர்மை வந்துவிடும் என்று ஒரு தலைமுறையே நம்புகிறது. நடிகையின் திருத்தங்களை ஒரு மூலையில், கழிப்பறைக்குப் போகும் வழியில் வைத்தார்கள். பேராசிரியர் அதே உரையை, "மறைந்த" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, நிகழ்த்தினார். கைதட்டல் பலமாக இருந்தது. பல் வைத்தியர் மட்டும் மூலைக்குப் போய் வெகுநேரம் நின்று படித்து, தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மார்ச்சில் வதனியை நிரந்தரமாக்கினார்கள். இயக்குநருக்கு மனம் மாறிவிட்டது என்று எண்ண வேண்டாம். விலக்குவதற்கு வைத்திருந்த காரணம் போய்விட்டது, அவ்வளவுதான். நான் என் குறிப்பை எழுத இன்னும் மூன்று நாள் தாமதித்திருந்தால் அந்தக் காரணம் போயிராது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். வேலையை முடிக்கும் கடிதம் தட்டெழுத்தில் தயாராக இருந்ததாம்.

பயிலுநர் செய்யும் பிழைகளைப் பற்றி உங்களுக்கு எச்சரிக்கை தருவார்கள். தேநீர் சிந்துவது, தாளைக் கிழிப்பது. அவை பார்த்த உடனே தெரியும், யாரும் ஏமாற மாட்டார்கள். வேலை தெரிந்தவன் செய்யும் பிழை பார்க்க அழகாக இருக்கும். இரண்டு கோப்புறைகள், ஓரம் தட்டி, நேராக. அப்படி ஒன்றைக் கண்டால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள், அதைச் செய்தவர் உங்கள் மேலதிகாரியாக இருந்தாலும். முக்கியமாக அப்படி இருந்தால்.

அதன் பிறகு நான் ஓய்வு பெறப் பதினொரு மாதம் இருந்தது. அதுவரை வதனியின் பெட்டிகளை நான் சரிபார்ப்பது வழக்கம். அந்த வழக்கம் நின்றது. நான் முடித்து அலமாரித் தட்டில் ஏற்றிய ஒவ்வொரு பெட்டியையும் வதனி இறக்கி, திறந்து, பென்சிலும் படிவமுமாக உட்கார்ந்து பார்த்தார். என்னிடம் அனுமதி கேட்கவில்லை. நானும் ஏனென்று கேட்கவில்லை. மூன்று பெட்டிகளில் பிழை இருந்தது. மூன்றும் பட்டியலில் என் பெயரோடு இருக்கின்றன. தேடினால் கிடைக்கும்.